நானும் உறுப்பினராம்

எங்கள் ஊர்க் கமக்காரர் சங்கத்தில் நான் மூன்று வருடமாக உறுப்பினராக இருந்திருக்கிறேன். அந்த விஷயம் மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

சொன்னது புதிதாக வந்த விவசாய உத்தியோகத்தர். நானாட்டான் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத இளம் பிள்ளை. ஸ்கூட்டியைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் முற்றத்துக்கு வந்தாள். நான் கோழிக்கூடு கூட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நீங்கள் ஏன் ஒரு கூட்டத்துக்கும் வாறேல்லை?”

“என்ன கூட்டம், மிஸ்?”

“கமக்காரர் சங்கக் கூட்டம். நீங்கள் உறுப்பினர்தானே?”

பிள்ளை வீடு மாறி வந்துவிட்டாள் என்று நினைத்துச் சிரித்தேன். கதிரையை இழுத்துப் போட்டு, முதலில் தலைக்கவசத்தைக் கழற்றச் சொன்னேன். அவள் கோப்பைத் திறந்து காட்டினாள். என் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி எல்லாம் சரியாக இருந்தன. பக்கத்தில் என் கையெழுத்து. ஆங்கிலத்தில், கடைசி எழுத்துக்கு வால் நீட்டி, அடியில் இரண்டு கோடு போட்ட கையெழுத்து. நான் பிறந்ததிலிருந்து ஆங்கிலத்தில் கையெழுத்து வைத்ததில்லை. அப்படி இரண்டு கோடு இழுக்கிற ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார்.

அந்த ஆள் மத்தியானம் பசியோடு வந்தார். நான் சோற்றைப் போடாமல் கேள்வியைப் போட்டேன்.

“இஞ்சருங்கோ, நான் எப்ப சங்கத்தில சேர்ந்தனான்?”

மனிசன் கை கழுவப் போனவர் கழுவிக்கொண்டே நின்றார். அவ்வளவு நேரம் கை கழுவினால் தோலும் உரிந்துவிடும். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. மூன்று வருடத்துக்கு முன் குளக்கட்டைத் திருத்தித் தர வந்தவர்கள், சங்கத்தில் பெண்களும் உறுப்பினராக இருந்தால்தான் வேலை தொடங்குவோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆண்கள் கூடி யோசித்தார்களாம். யோசனை கால் மணித்தியாலத்தில் முடிந்ததாம். அவரவர் வீட்டுப் பெண்களின் பெயரை எழுதிக் கையெழுத்தையும் அவரவரே வைத்துவிட்டார்கள். கட்டும் கட்டியாயிற்று, எங்கள் பெயரும் பட்டியலில் தங்கிவிட்டது.

“உமக்கு ஏன் வீண் கரைச்சல் எண்டுதான் நானே வைச்சனான்” என்றார்.

“என்ர கையெழுத்து எனக்குக் கரைச்சலோ?”

“அப்பிடிச் சொல்லேல்லை.”

“வேற எப்பிடிச் சொன்னனீங்கள்?”

சோறு ஆறிப்போனது. எனக்குக் கோபம் வந்தால் உடனே போகாது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று வந்த கோபம் கையெழுத்துக்காக மட்டும் வந்ததல்ல. அதைச் சொல்வதென்றால் எங்கள் வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் இரண்டு ஏக்கரும் வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. காலபோகத்தில் மழை பெய்யும், எல்லோரும் விதைப்போம். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை. குளம் நிரம்பாத வருடத்தில் அந்தத் தண்ணீர் எங்கள் வயல் வரை வந்து சேராது. அதற்காகத்தான் எங்கள் ஊரில் ‘கயிறு போடுவது’ என்று ஒரு முறை இருக்கிறது. குளத்தை ஒட்டிய நல்ல நிலத்தைக் கயிறு பிடித்து அளந்து, மேல்வாய்க்கால் கீழ்வாய்க்கால் என்று பார்க்காமல் ஊரில் எல்லோருக்கும் பங்கு போடுவார்கள். அந்த ஒரு போகத்துக்கு அது அவரவர் பங்கு. அறுவடை முடிந்ததும் கயிறு எடுபடும், நிலம் பழையபடி சொந்தக்காரனிடம் போய்விடும். காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு எழுத்தும் மாறாது. கொஞ்சத் தண்ணீரில் எல்லோரும் கொஞ்சம் விளைவிக்கலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான ஏற்பாடு எங்கள் பக்கத்தில் வேறு இல்லை.

ஆனால் கயிறு தானாக விழாது. ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் சங்கம் கூடி, கை தூக்கி, சரி என்று சொல்ல வேண்டும். இரண்டு வருடமாகக் கூட்டம் சரி சொல்லவில்லை. கூட்டத்துக்குப் போகிறவர்கள் மேல்வாய்க்கால் ஆண்கள். கீழ்வாய்க்காலில் கிடக்கிற காணிகளில் பாதிக்கு மேல் பெண்கள் தனியாகப் பார்க்கிற காணி. புருஷன் இல்லாதவர்கள், புருஷன் வெளிநாட்டில் இருக்கிறவர்கள். எங்கள் வீட்டிலிருந்து என் மனிசன் போவார். போய், சங்கத் தலைவர் கை தூக்கினால் இவரும் தூக்குவார். தலைவரின் உழவு மெஷினில்தான் எங்கள் வயலை உழுகிறோம், முகத்தை முறிக்க அவருக்குப் பயம்.

ஆக, இரண்டு சிறுபோகம் எங்கள் வயல் வெடித்துக் கிடந்தது. இந்தமுறையும் தண்ணீர் இல்லையென்றால் காணியைத் தலைவருக்கு ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுப்பதென்று மனிசன் முடிவெடுத்திருந்தார். அவர் கொழும்பில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலைக்குப் போவாராம். நான் பிள்ளைகளோடு மன்னார்த் தீவுக்குப் போய், தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு நண்டுக் கம்பனியில் நண்டு உடைக்கலாமாம். நண்டு உடைப்பதில் ஒரு குறைவும் இல்லை, என் தங்கச்சி அந்த வேலையில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். ஆனால் எனக்கு என் வயல் வேண்டும். விதைத்த மூன்றாம் நாள் முளை எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து பார்க்கிற அந்தக் காலை வேண்டும். அதை விட்டுவிட்டுப் போவதை நினைத்தால் எனக்கு அழுகை வரும். அழுகை வந்தால் கோபமும் சேர்ந்து வரும்.

அதனால் உத்தியோகத்தர் பிள்ளை புறப்பட முன்பே நான் ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தேன்.

“மிஸ், உறுப்பினர் எண்டால் பட்டியலைப் பாக்கலாமோ?”

“ஓம், வடிவாப் பாக்கலாம்.”

என் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். பின்னேரம் அதைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் காணிக்காரியான என் சிநேகிதியிடம் காட்டினேன். அவளுடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். அவள் இங்கேதான் பிறந்தாள். பேச்சில் மட்டும் இன்னும் தாயின் பேச்சு. அவளுடைய புருஷன் ஐந்து வருடமாகக் கட்டாரில் இருக்கிறான்.

அவள் தன் பெயரைக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் அவளுடைய புருஷனின் பெயரில் யாரோ ஒரு கையெழுத்து வைத்திருந்தார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அக்கா, இவரு கட்டார்ல இருந்துக்கிட்டே இங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க. வந்தது வந்தாரு, ஒரு டொபி பைக்கெட்டாவது குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?”

இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு பெண்களின் பெயர்களை எண்ணினோம். சங்கத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் நாங்கள். பெயரளவில் பாதிப்பேர், கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

சிறுபோகக் கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் நாங்கள் இரண்டு சைக்கிளில் ஊரைச் சுற்றினோம். கீழ்வாய்க்கால் பெண்களிடம் ஒன்றும் விளக்கத் தேவையில்லை, வெடித்த வயலே விளக்கிவிட்டது. மேல்வாய்க்கால் வீடுகளில்தான் வாய் வலித்தது. ஒருத்தி அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னொருத்தி, கூட்டத்தில் பெண்களுக்கு இருக்கக் கதிரை இல்லையே என்றாள். கதிரைதான் பிரச்சினையென்றால் வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வா என்று சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான். அது எப்படியோ ஊருக்குள் பரவி, எல்லோரும் கதிரை கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் கட்டளை போல ஆகிவிட்டது.

கடைசியாகத் தலைவர் வீடு. தலைவரின் மனைவி எங்களைவிடப் பத்து வயது மூத்தவ. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்தவ, நாள் தவறாமல் பேப்பர் வாசிக்கிறவ. எந்த வயலுக்கு எத்தனை மூட்டை பசளை என்று தலைவருக்குச் சொல்லிக் கொடுப்பதே அவதான், ஊருக்கே தெரியும். நாங்கள் போனபோதும் மூக்குக்கண்ணாடியோடு பேப்பர்தான் வாசித்துக்கொண்டிருந்தா. நான் கயிறு போடுவதைப் பற்றிச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டா.

“கயிறு போட்டால் என்ர வயலில பாதி மற்ற ஆக்களுக்குப் போகும். தெரியுமெல்லே?”

“தெரியும், அக்கா.”

“பிறகேன் என்னட்டை வந்தனீ?”

நியாயமான கேள்வி. எழும்பிப் போக வேண்டியதுதான் என்று நினைத்தபோது என் சிநேகிதி மெல்லச் சொன்னாள்:

“அக்கா, ஒங்க கையெழுத்த யாரு வச்சதுன்னு பாக்க வேணாமா?”

போனை வாங்கிக் கண்ணாடியை மேலே தள்ளி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தா. அவவின் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து இல்லை. நீல மையில் ஒரு பெருவிரல் அடையாளம். நல்ல கொழுத்த பெருவிரல். தலைவர் தன் மனைவிக்காகத் தன் விரலைத் தோய்த்துக் கைநாட்டு வைத்திருக்கிறார்!

போனைத் திருப்பி என் கையில் தந்தா. அந்த வீட்டில் தலைவர் அப்போது இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

“கூட்டம் எத்தினை மணிக்கு?” என்றா.

“பத்துக்கு, அக்கா.”

“வாறன். ஆனால் உனக்குக் கை தூக்குவன் எண்டு நினைக்காதை.”

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பொதுமண்டபத்தில் நடந்தது. ஆண்கள் வழக்கம்போலக் கதிரைகளில் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் போன காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். சிவப்பு, நீலம், பச்சை என்று பிளாஸ்டிக் கதிரைகள், சிலதைத் தலையில் கவிழ்த்து, சிலதைச் சைக்கிள் கரியரில் கட்டி, வரிசையாகக் கொண்டுபோனோம். வீடு குடிபோகிறவர்கள் மாதிரி இருந்தோம். வாசலில் நின்ற ஒருவர், “ஆற்ற கலியாணம்?” என்று கேட்டார். கதிரைகளை முன்னுக்குப் போட்டு இருந்தோம்.

உத்தியோகத்தர் பிள்ளை முதல் வேலையாக, பட்டியலில் இருக்கிற உறுப்பினர்கள் எல்லோரும் தன் முன்னால் புதிதாகக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள். பெண்கள் ஒவ்வொருவராகப் போனோம். ஒரு கையெழுத்தாவது பழையதோடு பொருந்த வேண்டுமே! பிள்ளை ஒவ்வொன்றையும் பார்த்தாள், நிமிர்ந்து ஆண்கள் பக்கம் பார்த்தாள், திரும்பவும் குனிந்தாள். பின்வரிசையில் பலர் அந்த நேரம் பார்த்துக் குனிந்து செருப்பைத் தேடினார்கள்.

தலைவரின் மனைவி கடைசியாகப் போய், வடிவான தமிழில் தன் முழுப்பெயரையும் எழுதினா. எழுதிவிட்டுப் பேனையை மூடாமல் திரும்பிக் கேட்டா:

“இதில கிடக்கிற விரல் ஆற்ற விரல்?”

தலைவர் மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களைத்தான் கேக்கிறன்.”

“அண்டைக்குப் பேனைக்கு மை முடிஞ்சு போச்சு” என்றார் தலைவர்.

அதன் பிறகு ஐந்து நிமிடம் கூட்டம் நடக்கவில்லை. சிரித்தே மண்டபத்தை இடித்துவிடுவார்கள் போல இருந்தது. ஆண்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள். தலைவரும் கடைசியில் சிரித்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் வயல் என்று வந்தால் மட்டும் கொஞ்சம் இறுகிப்போவார், அவ்வளவுதான்.

சிரிப்பு அடங்கியதும் கயிறு விஷயம் வந்தது. தலைவர் எழும்பி, தாங்கள் பசளை போட்டு வளர்த்த நிலத்தை மற்றவர்கள் வந்து உழுவது சரிவராது என்றும், இந்த வருடமும் அவரவர் நிலத்தை அவரவர் பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். வேறு யாரும் பேசுவதற்கு இருக்கிறார்களா என்று உத்தியோகத்தர் பிள்ளை கேட்டாள். நான் எழும்பினேன். பத்து நாளாகச் சைக்கிளில் மனப்பாடம் பண்ணிய ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை. கோபம்தான் கைகொடுத்தது.

“எங்கட பேர் இல்லாமல் கட்டுக் கட்ட ஏலாது எண்டுதானே எங்கட பேரை எழுதினனீங்கள்? எங்கட பேரால கட்டின குளத்தில எங்களுக்கு ஏன் தண்ணி இல்லை?” என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. இருந்துவிட்டேன். என் சிநேகிதி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

கயிறு போட வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றாள் பிள்ளை. முதல் கை என் சிநேகிதியுடையது. பிறகு நான், பிறகு கீழ்வாய்க்கால் பெண்கள் எல்லோரும். எண்ணினால் போதாது. மேல்வாய்க்கால் பெண்கள் திரும்பித் திரும்பித் தங்கள் புருஷன்மாரைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, கதிரை இல்லை என்று சொன்னவள்தான், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டுக் கையைத் தூக்கினாள். அவளைக் கண்டு இன்னும் நான்கைந்து பேர் தூக்கினார்கள்.

நான் என் மனிசனைப் பார்த்தேன். அவருடைய வலது கை மெல்ல எழும்பிக் காதடியில் வந்து நின்றது. கை தூக்குகிறாரா காது சொறிகிறாரா என்று கடவுளுக்கும் தெரிந்திருக்காது. நான் கண்ணை எடுக்கவில்லை. கை காதைத் தாண்டியது, தலையைத் தாண்டியது. அப்படியே மேலே போய் நின்றது. வீட்டில் நான் அவரை எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்த நேரம் எனக்கு அவர்மேல் வந்த அன்பைச் சொல்லி முடியாது.

மூன்று கை கூடுதலாக வந்து, கயிறு போடுவதென்று முடிவானது.

தலைவரின் மனைவியின் கை கடைசி வரை மடியிலேயே இருந்தது. வெளியே வந்து கதிரையைத் தூக்கும்போது என்னிடம் நேராகவே சொன்னா: “எனக்கு இந்தமுறை நெல்லுக் குறையும். அதால தூக்கேல்லை.”

“சரி, அக்கா” என்றேன். எனக்கு உண்மையாகவே கோபம் வரவில்லை. அவ யோசித்து வேண்டாம் என்று சொன்னா. அதுவும் ஒரு வாக்குத்தானே.

அடுத்த வாரம் கயிறு பிடித்தார்கள். சீட்டுப் போட்டதில் எங்கள் பங்கு தலைவரின் மனைவி பார்க்கிற வயலுக்கு நேர் பக்கத்தில் விழுந்தது. தண்ணீர் முறைப் பட்டியலில் ஒரு காணிக்கு ஒரு பெயர்தான் எழுதலாம், யாருடைய பெயரை எழுத என்று உத்தியோகத்தர் பிள்ளை கேட்டாள். இதை நான் கேட்டு வாங்க விரும்பவில்லை.

“அவவின்ர பேரை எழுதுங்கோ. அவவுக்காகக் கையெழுத்து வைச்சு வைச்சு எனக்குக் களைப்பு” என்றார் என் மனிசன்.

உழுது, மட்டம் பிடித்து, முதல் தண்ணீர் திறக்கிற நாள் வந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் முறைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. தண்ணீர் விடுகிறவர் குளக்கட்டில், மதகைத் திறக்கிற துருசடியில் நின்று, முறைக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வயலில் நிற்கிற ஆள் “ஓம்” என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் தண்ணீர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தவறவிட்டவர் கடைசிவரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் குறைந்த வருடத்தில் கடைசி என்பதற்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

நான் விடியவே போய்விட்டேன். வரம்பு கசியாமல் சேறு அப்பிக்கொண்டு, என் முறை எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலிருந்து குரல் கேட்டது. ஒரு பெண்ணின் பெயர். யாரைக் கூப்பிடுகிறார், அந்தப் பெண் எங்கே போய்விட்டாள் என்று சுற்றிப் பார்த்தேன். வீட்டில் நான் அம்மா. மனிசனுக்கு நான் “இஞ்சரும்”. ஊருக்கு இன்னாரின் மனிசி. என் பெயரை அவ்வளவு சத்தமாக, அவ்வளவு தூரத்திலிருந்து, ஆயுளில் யாரும் கூப்பிட்டதில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார். நான் மண்வெட்டியோடு நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

பக்கத்து வயலில் தலைவரின் மனைவி நிமிர்ந்தா. பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் அவவுடையது. இன்னும் ஒரு கூப்பிடு அவ பேசாமல் நின்றிருந்தால் தண்ணீர் நேரே அவவின் வயலுக்குத்தான் போயிருக்கும்.

“எடியே, உன்னைத்தானடி கூப்பிடுறார்! ஓம் எண்டு சொல்லு!”

“ஓம்! ஓம்! நான் நிக்கிறன்!” என்று கத்தினேன். குளக்கட்டு வரை அல்ல, நானாட்டான் வரை கேட்டிருக்கும்.

தண்ணீர் உள்ளே வர வரம்பில் வக்கடையை வெட்டி விட்டேன். தண்ணீர் மண்ணும் நுரையுமாகப் புரண்டு வந்து என் கால் விரலைத் தொட்டது. அப்படியே நின்று அழுதுகொண்டு சிரித்தேன்.

“நிண்டு சிரிக்காமல் கெதியாப் பாய்ச்சு” என்றா அவ, வரம்புக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. “அடுத்தது நான்.”